சட்டையில் பட்டை, கையில் நோட்டு

கேள்வி:

வணக்கம் மேடம். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பள்ளிக் கைப்பந்து (வாலிபால்) அணியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவளாக, ஆடுகிறேன். இந்த ஆண்டு பி.இ.டி. சார் என்னைக் கேப்டன் ஆக்கினார். நான் எதிர்பார்க்கவே இல்லை. அணியில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் எங்கள் முக்கியமான அட்டாக்கர். அவர்தான் கேப்டன் ஆவார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது நான் ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பயிற்சிக்கு யார் தாமதமாக வருகிறார்கள் என்று நோட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் சார். போன வாரம் என் நெருங்கிய தோழியின் பெயரை எழுதும்படி ஆயிற்று. அவள் மைதானத்தை ஐந்து சுற்று ஓடினாள். அதிலிருந்து மதியம் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. "கேப்டன் ஆனதும் மாறிவிட்டாய்" என்கிறாள். குறுவட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். கடைசி செட்டில் வரிசையாக ஆறு பாயிண்ட் போனது. என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சத்தமாகப் பேசவும் வராது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. "இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று அம்மா கேட்கிறார். கேப்டன் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேப்டன் பதவியை இப்போது திருப்பிக் கொடுக்க வேண்டாம். அந்த நோட்டைத் திருப்பிக் கொடு.

கேப்டனாக இருந்து நீ செய்ததாகக் கடிதத்தில் எழுதியிருப்பது ஒரே ஒரு வேலைதான். தாமதமாக வந்தவர்களின் பெயரை எழுதியிருக்கிறாய். அது கேப்டனின் வேலையே அல்ல. ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போகும்போது, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கச் சொல்வார்களே, அந்த லீடர் வேலை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் பார்த்து வளர்ந்த தலைமை அது ஒன்றுதான் என்பதால், பதினாறு வயதில் ஓர் அணி கைக்கு வரும்போதும் அதையே செய்யத் தொடங்கிவிடுகிறோம். பெரியவர்களும் அதையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உன் சாரைக் குறை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் நம் ஊரில் ஏராளம். காலை வழிபாட்டுக் கூட்டம், சுதந்திர தின அணிவகுப்பு, தடகளம், கபடி, கோகோ, போட்டிக்கான படிவங்கள், அழைத்துப் போக வேன், எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். வருகைப் பதிவையாவது வேறு யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் விளைவைப் பார். தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது, காட்டிக்கொடுத்த பழி உன்னிடம் வந்துவிட்டது. இந்தப் பங்கீடு நீடித்தால் அணியில் யாரும் உன்னைத் தலைவியாகப் பார்க்க மாட்டார்கள், ஒற்றராகத்தான் பார்ப்பார்கள். ஒற்றர் கோர்ட்டில் நின்று என்ன சொன்னாலும் எடுபடாது.

இதை அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லாதே. பயிற்சி முடிந்து வலையைக் கழற்றிச் சுருட்டும் நேரம் இதற்கு ஏற்றது. சார் தனியாக இருப்பார், உனக்கும் கையில் ஒரு வேலை இருக்கும், அதனால் பேச்சு தானாக வரும். "சார், தாமத நோட்டை நான் எழுதுவதால் ஆட்டத்தில் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். நோட்டை வலைக் கம்பத்தில் தொங்கவிட்டுவிடலாம் சார். வருகிறவர்கள் அவரவர் பெயரையும் வந்த நேரத்தையும் அவரவரே எழுதட்டும். நான் சரியான நேரத்துக்கு வார்ம்-அப்பை ஆரம்பித்துவிடுகிறேன்." இந்த அளவு போதும். மறுக்கும்போதே வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆறு மணிக்குப் பயிற்சி என்றால், மூன்று பேர் மட்டும் வந்திருந்தாலும் ஆறு மணிக்கு நீ ஓடத் தொடங்கு. தாமதமாக வருகிறவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் வந்து சேர்ந்துகொள்வது உன் நோட்டைவிட நன்றாக வேலை செய்யும். சார் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அப்போது, நீ தாமதமாக வரும் நாளில் முதல் பெயராக உன் பெயரை எழுது. மற்றவர்களின் பெயரை அவர்கள் கண் முன்னாலேயே எழுது.

கேப்டனின் உண்மையான வேலைக்கு வருவோம். சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்புத்தகம் இந்த விஷயத்தில் மிகவும் கஞ்சம். எனக்கு அதனாலேயே அதைப் பிடிக்கும். சட்டையின் மார்பில் எண்ணுக்குக் கீழே 8 சென்டிமீட்டர் நீளத்தில், 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. ஆட்டம் தொடங்கும் முன் ஸ்கோர் ஷீட்டில் ஒரு கையெழுத்து. டாஸ். ஆட்டம் நடக்கும்போது, பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். ஒரு முடிவுக்கு விளக்கம் கேட்கலாம். விளக்கம் ஏற்கும்படி இல்லையென்றால், ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர் ஷீட்டில் எதிர்ப்பைப் பதிவு செய்யப் போவதாக அப்போதே சொல்லி வைக்கலாம். இரு அணிகளும் நிற்கும் வரிசை சரிதானா என்று பார்க்கச் சொல்லலாம். வலை தொங்குகிறது, பந்தில் காற்று இல்லை, தரை ஈரமாக இருக்கிறது என்று சோதிக்கச் சொல்லலாம். முடிந்ததும் நடுவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் கையெழுத்து. ஏறக்குறைய அவ்வளவுதான். சக ஆட்டக்காரரை ஓட விடும் அதிகாரம் அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தப் பட்டியலில் உள்ளவை கிட்டத்தட்ட எல்லாமே பேச்சு சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனி. அணிக்கும் நடுவருக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் உனக்கு எழுதித் தரப்பட்ட வேலை. எழுதித் தராத வேலையும் அதே வகைதான். சாருக்கும் அணிக்கும் நடுவே, ஆடுகிற ஆறு பேருக்கும் நடுவே பேச்சு நின்றுபோகாமல் நீ பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். உன் அணியில் ஒருத்தி கோபத்தில் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறாள், ஏதோ முணுமுணுக்கிறாள். சிறிய அத்துமீறல் என்றால் நடுவர் முதல் எச்சரிக்கையை வாய்மொழியாகத்தான் கொடுப்பார், அதையும் கேப்டனை அழைத்து அவர் வழியாகக் கொடுப்பார். மீண்டும் நடந்தால் மஞ்சள் அட்டை. அதையும் தாண்டிச் சிவப்பு அட்டைக்குப் போனால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட்டும் சர்வீஸும் சும்மா கிடைக்கும். இப்போது அந்த முதல் எச்சரிக்கை உன் வாயில் இருக்கிறது. "உன்னால்தான் நடுவர் என்னைத் திட்டினார்" என்று கொண்டுபோய்க் கொட்டலாம். "நடுவர் நம்மைக் கவனிக்கிறார், அவரிடம் பேசுவதை என்னிடம் விட்டுவிடு, அடுத்த சர்வீஸ் உனக்குத்தான் வரும்" என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். ஆனால் முதலாவதைக் கேட்டவள் அடுத்த பந்தையும் விடுவாள்.

நீ லிபரோ என்பதால் தயங்குகிறாய் என்பதும் கடிதத்தில் தெரிகிறது. 1998-இல் லிபரோ என்ற இடம் சர்வதேச ஆட்டத்தில் வந்தது. லிபரோ கேப்டனாக இருக்கக் கூடாது என்ற தடை நீண்ட காலம் இருந்தது. 2021-இல் வந்த விதிகளில்தான் அது நீங்கியது. பழைய விதியையே நினைவில் வைத்திருக்கும் நடுவர்கள் உள்ளூர்ப் போட்டிகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த போட்டி நாளில் காலையிலேயே சார் மூலம் அமைப்பாளர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள். டாஸ் போடும் நேரத்தில் விவாதம் வந்தால் உனக்குத்தான் பதற்றம்.

லிபரோ சர்வீஸ் போட முடியாது, வலையருகே குதித்து பிளாக் போட்டுத் தடுக்க முடியாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்க முடியாது, முன்வரிசைக்கு வர முடியாது. கைதட்டல் வாங்கும் வழிகளெல்லாம் அடைபட்ட இடம் அது. ஆனால் பின்னால் நிற்பதால் நம் முன்வரிசையின் முதுகும் எதிரணியின் முகங்களும் ஒரே பார்வையில் தெரியும். யார் களைத்துவிட்டாள், யார் பந்து வருவதற்கு முன்பே பயந்துவிட்டாள் என்பது உனக்கு முதலில் தெரியும். உன் சார் யோசித்துத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது என் கணிப்பு.

அணியின் சிறந்த ஆட்டக்காரர்தான் தலைவராக வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நினைப்பு. இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன் மைக் பிரெர்லி 39 டெஸ்ட் ஆடி ஒரு சதம்கூட அடிக்கவில்லை. அவருடைய சராசரி 23-ஐக்கூடத் தொடவில்லை. அவர் தலைமை தாங்கிய 31 டெஸ்ட்களில் இங்கிலாந்து 18-இல் வென்றது, 4-இல்தான் தோற்றது. 1981-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் நடுவே, தலைமைச் சுமையில் ரன்னும் எடுக்க முடியாமல் தவித்த இயன் போத்தம் விலக, பிரெர்லி திரும்பி வந்தார். அடுத்த டெஸ்டிலேயே ஹெடிங்லியில் போத்தம் ஆட்டமிழக்காமல் 149 ரன் அடித்தார். யாரையோ நன்றாக ஆட வைப்பது ஒரு தனித் திறமை, அதை ரன்னில் எண்ண முடியாது. (கைப்பந்துப் பயிற்சியாளர் கிரிக்கெட் உதாரணம் சொல்கிறாளே என்று என் சகாக்கள் முறைப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அங்கேதான் இருக்கிறது, என்ன செய்ய!)

இனி அக்காவைப் பற்றி. உன் கடிதத்திலேயே கடினமான பகுதி இதுதான்.

அவருக்கு வருத்தம் இருக்கிறது. அது நியாயமான வருத்தம். அவருக்கு இது பள்ளியில் கடைசி ஆண்டு, அணிக்காக அதிகப் பாயிண்ட் எடுப்பவர், கேப்டன் பட்டை தனக்கு வரும் என்று ஊரே சொன்னதைக் கேட்டிருப்பார். அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்கவும் மாட்டார்கள். அந்த விளக்கம் சார் தர வேண்டியது, நீ தர வேண்டியதல்ல. "நான் கேட்டு வாங்கவில்லை அக்கா, எனக்கு விருப்பமே இல்லை" என்று போய்ச் சொல்லிவிடாதே. அவர் ஆசைப்பட்ட ஒன்றை நீ வேண்டாத பொருளாகப் பேசினால் காயம் இன்னும் ஆழமாகும். கெஞ்சிக் குழைவதும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம். ஆட்டத்தைப் பற்றிப் பேசு.

பேசுவதற்கு விஷயம் உங்கள் இருவருக்கும் நடுவே தரையிலேயே இருக்கிறது. எதிரணி போடும் சர்வீஸை எடுக்கும்போது பெரும்பாலும் நீயும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பீர்கள். நல்ல எதிரணி உன்னிடமும் போடாது, அவரிடமும் போடாது, இருவருக்கும் நடுவே போடும். அவர் நீ எடுப்பாய் என்று நிற்பார், நீ அவர் எடுப்பார் என்று நிற்பாய், பந்து இருவர் காலடியிலும் விழும். மனத்தாங்கல் உள்ள இருவர் பக்கத்தில் நின்றால் இது இரண்டு மடங்கு நடக்கும், ஏனென்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் ஆறு பாயிண்ட்டில் சில இப்படிப் போயிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆகவே பயிற்சிக்குச் சற்று முன்னால், மற்றவர்கள் வருவதற்குள், அவரிடம் போய் இதைக் கேள்: "அக்கா, நடுவில் விழும் சர்வீஸை யார் எடுப்பது என்று முடிவு செய்துகொள்வோமா? நான் எடுத்தால் நீங்கள் முன்கூட்டியே பின்வாங்கி அடிக்க ஓடி வரலாம். உங்களுக்கு எது வசதி?" கேள்வி நிஜமானதாக இருக்க வேண்டும். அவர் "குட்டையாக விழுவதை நீ எடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அப்படியே ஆடிப் பார்க்க நீ தயாராக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் அட்டாக்கர்கள் தங்கள் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். தோழமை வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. அந்தப் பந்து தரையில் விழாது, அது இப்போதைக்குப் போதும்.

அடுத்தது விதியே உனக்குத் தந்திருக்கும் ஒரு வழி. லிபரோ அடிக்கடி வெளியே போய் உள்ளே வருகிறவள். நீ பெஞ்ச் பக்கம் இருக்கும்போது நடுவரிடம் பேசக் கோர்ட்டில் இன்னொருவர் வேண்டும், அவர்தான் ஆட்ட கேப்டன். அவர் யார் என்பதைப் பயிற்சியாளரோ அணியின் கேப்டனான நீயோ சொல்ல வேண்டும். உன் அக்காவின் பெயரைச் சாரிடம் நீயே முன்மொழி. சமாதானப் பரிசாக இதைச் செய்யாதே, மூத்தவர்களுக்கு அந்த வாடை உடனே தெரிந்துவிடும். அழுத்தமான நேரத்தில் ஆடிப் பழகியவர், வயதில் மூத்தவர், நடுவர் முன் தயங்காமல் பேசக்கூடியவர், அந்த வேலைக்கு அவர்தான் பொருத்தம். சாரிடம் இந்தக் காரணங்களைச் சொல். அக்காவிடமும் இதே காரணங்களைச் சொல்.

மூத்தவர்கள் இளையவரின் கீழ் ஆடுவது புதிதல்ல. 1962-இல் வெஸ்ட் இண்டீஸ் சுற்றுப்பயணத்தில் இந்தியக் கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் சார்லி கிரிஃபித்தின் பந்து பட்டு உயிருக்கே ஆபத்தானது. துணைத்தலைவராக இருந்த பட்டோடி தலைமையேற்றபோது அவருக்கு வயது 21. அதே அணியில் இந்தியாவுக்கு ஏற்கெனவே தலைமை தாங்கிய பாலி உம்ரிகர் இருந்தார், அவருக்கு வயது 36. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த நான்காவது டெஸ்டில் உம்ரிகர் அந்த இளைஞரின் தலைமையில் முதல் இன்னிங்ஸில் 56, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 172 ரன் எடுத்தார், பந்துவீச்சில் ஐந்து விக்கெட்டும் எடுத்தார். இந்தியா அந்த டெஸ்டிலும் தோற்றது, பட்டோடி தலைமையேற்ற மூன்று டெஸ்டிலும் தோற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து 1968-இல் நியூசிலாந்தில், வெளிநாட்டில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி அவர் தலைமையில்தான் வந்தது. ஒரு குறுவட்டத் தோல்வியை வைத்து உன்னை நீயே எடைபோட்டுக்கொள்ளாதே.

அந்த ஆறு பாயிண்ட்டுக்கு வருகிறேன். வரிசையாகப் பாயிண்ட் போகும்போது பெரும்பாலும் ஒரே ஆள் சர்வீஸ் போடுகிறாள், ஒரே இடத்துக்குப் போடுகிறாள், நம் பக்கத்தில் ஒரே ஆள் அதை விடுகிறாள். நடுவர் விசில் ஊதியபின் சர்வீஸ் போட 8 விநாடிதான். விசிலுக்கு முந்தைய இடைவெளியும் சேர்த்து உனக்குக் கிடைப்பது சில மூச்சுகளின் நேரம். அதற்குள் ஆறு பேரும் நடுவே கூடிக் கை தட்டிப் பிரிய வேண்டும். ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம். போன பந்தைப் பற்றி அந்த வாக்கியம் இருக்கக் கூடாது. "ஏன் விட்டாய்?" வேண்டாம், அது அவளுக்கே தெரியும். "பரவாயில்லை, பரவாயில்லை" என்பதும் மூன்றாவது தடவைக்கு மேல் யார் காதிலும் விழாது. வேலை சொல்லும் வாக்கியம் வேண்டும். "நீ கோட்டுப் பக்கம் மட்டும் பார், நடுவில் வருவது என்னுடையது." திணறுகிறவளின் பொறுப்பில் பாதியை எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றுகொள். அவளுக்கு மீதி இருப்பது சிறிய வேலை, அதைச் செய்துவிடுவாள். அப்போதும் நிற்கவில்லையா, பெஞ்சில் சாரைப் பார். ஒரு செட்டுக்கு 30 விநாடி டைம் அவுட் இரண்டு உண்டு. மூன்று பாயிண்ட் போனதும் கேப்டன் தன்னைப் பார்த்தால் டைம் அவுட் வேண்டும் என்று அர்த்தம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சாரிடம் பேசி வைத்துக்கொள். ஷூ லேஸைக் கட்டுவது போல் குனிந்து நேரத்தைக் கடத்தும் தந்திரத்தை யாராவது சொல்லித்தருவார்கள், கேட்காதே. முதல் தடவை தாமத எச்சரிக்கை, அடுத்த தடவை பாயிண்ட்டே போய்விடும்.

உனக்குச் சத்தமாகப் பேச வராது என்கிறாய். எந்த அளவு சத்தம் என்பது கேள்வி. சொற்பொழிவு ஆற்ற வராது என்றால் கவலையே இல்லை, அமைதியான கேப்டன்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பந்து வரும்போது "நான்", "விடு", "அவுட்" என்ற மூன்று சொற்கள் அடுத்த பெஞ்சுக்குக் கேட்கும்படி வர வேண்டும். வாய் திறக்காத லிபரோவை வைத்து எந்த அணியும் பின்வரிசையைக் காக்க முடியாது. இது குணம் சம்பந்தப்பட்டதல்ல, பாஸ் எடுப்பதைப் போலப் பழக்கம். பயிற்சியில் குரல் கொடுக்காமல் எடுத்த பந்து கணக்கில் சேராது என்று ஒரு விதி வைக்கும்படி சாரிடம் கேள். எல்லோருக்கும் அந்த விதி பொது என்றால் உன் கூச்சம் தனியாகத் தெரியாது. குரல் ஆட்டத்துக்குள் பழகிவிட்டால், நடுவே கூடும்போது ஒரு வாக்கியம் சொல்வது பெரிய தாண்டலாக இருக்காது.

தோழி விஷயத்தில் நோட்டு உன் கையை விட்டுப் போனபிறகு பேசு, முன்னால் வேண்டாம். பெயரை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, அவள் தாமதமாகத்தான் வந்தாள். "எழுதப் போகிறேன் என்று உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்" என்று சொல், அது உண்மை. அதன் பிறகும் சில மாற்றங்கள் நிற்கத்தான் செய்யும். அணியில் யாரைச் சேர்க்கலாம் என்று சார் உன்னிடம் கேட்டால், அவள் பெயரை அவள் உன் தோழி என்பதற்காகச் சொல்லாதே, அதே காரணத்துக்காக விடவும் செய்யாதே. சார் உன்னிடம் தனியாகச் சொன்னதை மதியச் சாப்பாட்டில் அவளிடம் சொல்லாதே. இதற்கு அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரையும் பெயர் சொல்லித் திருத்துவதும் வேண்டாம், எழுத்தில் வரும்போது உன் குரல் இல்லாமல் சொல் மட்டும் போய்ச் சேர்கிறது.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் அணி பெண்கள் அணி, பயிற்சி தருபவர் ஆண். மாதவிடாய் வலியோடு ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள், சாரிடம் சொல்லக் கூசுவாள். கணுக்கால் பிசகிய ஒருத்தி அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து அதை மறைத்துக்கொண்டு குதிப்பாள். இவையெல்லாம் கேப்டன் வழியாகப் போகலாம். "சார், அவளுக்கு இன்று குதிக்கும் பயிற்சி வேண்டாம் சார்" என்றால் புரிந்துகொள்ளும் ஆசிரியர்கள்தான் அதிகம். வீங்கிய காலோடு ஆட வருகிறேன் என்று யாராவது சொன்னால் கைதட்டாதே, உட்காரச் சொல். ஆனால் பெரியவர் யாராவது தகாத விதத்தில் தொட்டார், பேசினார், செய்தி அனுப்பினார் என்று ஒருத்தி உன்னிடம் சொன்னால், அதை உனக்குள் வைத்துப் பாதுகாப்பது உன் கடமை என்று எண்ணாதே. அணியின் பெயர் கெடும் என்றும் பார்க்காதே. அன்றைக்கே நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடமோ வீட்டிலோ சொல்ல வேண்டும், அல்லது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ நம் மாநிலப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-ஐயோ அழைக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் தனியாகச் சுமக்கும் பாரமல்ல அது.

அம்மாவின் கவலையை அலட்சியம் செய்யாதே. ஆனால் அவர் பார்ப்பது நீ சோர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வருவதை. அது ஆட்டத்தால் வந்த சோர்வல்ல, நோட்டாலும் தோழியாலும் வந்தது. நோட்டு போய்விட்டால் கேப்டன் வேலைக்காக நீ கூடுதலாகச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். அடுத்த குறுவட்ட ஆட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போ. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது பயிற்சி நேரத்தைக் குறைக்க வேண்டுமா என்பதை அவரோடும் சாரோடும் சேர்ந்து பேசி முடிவெடு, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இவ்வளவும் செய்து பார்த்தபின், இந்தப் பருவத்தின் போட்டிகள் முடிந்தபின்னும் உனக்குப் பந்தைத் தொடும் ஆசையே குறைந்துபோயிருந்தால், அப்போது திருப்பிக் கொடு. அதில் அவமானம் எதுவும் இல்லை. சச்சின் டெண்டுல்கர் 25 டெஸ்ட்களுக்குத் தலைமை தாங்கி 4-இல்தான் வென்றார். 2000-இல் பொறுப்பை விட்டபின் 2013 வரை ஆடினார். கொடுப்பதாக இருந்தால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் கொடுக்காதே. தோற்ற அன்று மாலை அழுதுகொண்டும் கொடுக்காதே. சாரிடம் நேரில் போய்ச் சொல். அடுத்து வருகிறவளுக்கு ஸ்கோர் ஷீட்டில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், டாஸில் என்ன கேட்பார்கள் என்பதை உடன் நின்று சொல்லிக்கொடு. அது உன் அக்காவாகவோ உன் தோழியாகவோ இருந்தாலும் அப்படியே செய்.

அன்புடன்,
உங்கள் கைப்பந்துப் பயிற்சியாளர்